கையில சல்லி இரிக்கி, செலவழிக்க மனம் வருதில்ல – கஷ்டத்துல வளந்தாக்கள் கொஞ்சம் வாங்க

படுவான்பொடியன்:

வணக்கம் எல்லாருக்கும். கொஞ்சம் நீளமா எழுதப்போறன், பொறுமையா வாசிங்க. எனக்கு 28, ஊர் கொக்கட்டிச்சோலைப் பக்கம், இப்ப கொழும்புல கியூஎஸ் வேலை (கட்டட வேலைக்குச் செலவுக் கணக்குப் பாக்கிறது), சம்பளம் பரவால்ல. பிரச்சினை என்னெண்டா எனக்கெண்டு ஒரு சாமான் வாங்க ஏலாம இரிக்கி. கஞ்சன் எண்டு மட்டும் சொல்லாதீங்க, வீட்டுக்கு அனுப்புறதுல ஒரு சதம் குறைச்சதில்ல, கூட்டாளிமாருக்கு அவசரம் எண்டா யோசிக்காமக் குடுப்பன். எனக்கெண்டு வரக்குள்ளதான் கை பின்னுக்கு இழுக்குது. சப்பாத்துட அடி கழண்டு ஒட்டி ஒட்டிப் போட்டுட்டுத் திரியிறன், புதுசு வாங்கப் போனா விலைத்துண்டப் புரட்டிப் பாத்துட்டு சும்மா பாக்க வந்த ஆள் மாதிரி வெளிய வந்துருவன். ராவைக்குப் படுக்க முந்தி போன்ல பேங்க் கணக்கத் திறந்து மீதியப் பாப்பன், காலையில பாத்த அதே மீதிதான், எண்டாலும் பாக்கோணும். அரிசி மூட்டை பாதிக்குக் கீழ இறங்கினா நெஞ்சு படபடக்குது, தனியாளுக்கு 25 கிலோ மூட்டை என்னத்துக்கு எண்டு ரூம்ல இரிக்கிற பொடியன் சிரிக்கிறான்.

சின்ன வயசில எங்களுக்கு கடையில கொப்பிக்கணக்குத்தான். கடனுக்கு சாமான் எடுக்க என்னத்தான் அனுப்புவாங்க, பெரியாக்கள் போனா கடைக்காரர் முந்தின கணக்கக் கேப்பார், சின்னப்புள்ள எண்டா ஏசிப்போட்டாவது குடுத்துருவார். நான் உடன போறேல்ல. கடைக்கு முன்னால ஒரு வேம்பு நிண்டது, அதுக்குக் கீழ நிண்டு பாத்துட்டு கடையில ஒருத்தரும் இல்லாத நேரமாப் பாத்துத்தான் போவன், பகல் ரெண்டு மணி வெயிலுக்குள்ள எண்டா ஒருத்தரும் வரமாட்டாங்க. அவர் லாச்சிக்குள்ள இருந்து நீளக் கொப்பிய எடுத்து எச்சில் தொட்டுப் புரட்டி எங்கட பேர் இரிக்கிற பக்கத்துல விரல வச்சு மேல இருந்து கீழ வரைக்கும் இழுத்துட்டு "அம்மாட்டச் சொல்லு" எண்டுவார். அதுக்கு மேல ஒண்டும் சொல்லமாட்டார், நல்ல மனிசன். இப்பவும் சூப்பர்மார்க்கட்ல பில் அடிக்கக்குள்ள எனக்கு வயித்தக் கலக்கும், பேர்ஸ்ல காசு இருந்தாலும்.

சரி, இது வரைக்கும் எனக்கே விளங்குது. விளங்காதது என்ட தம்பி. அவனுக்கு 24, மட்டக்களப்பு டவுன்ல ஒரு போன் கடையில நிக்கிறான். சம்பளம் எடுத்தா பத்து நாளுக்குள்ள முடிச்சிருவான். லீசிங்ல பைக், தவணைக்குப் போன், கூட்டாளிமாரோட பாசிக்குடாவுல சாப்பாடு. அதே வீடு, அதே அம்மா, அதே கொப்பி. ஒரே பானைச் சோறு திண்ட ரெண்டு பேர் எப்பிடி இப்பிடி ரெண்டு பக்கமாப் போனம்? கஷ்டத்துல வளந்தா சல்லிட அருமை தெரியும் எண்டு எல்லாரும் சொல்றாங்க, அப்ப அவனுக்கு ஏன் தெரியல்ல? இல்லாட்டி எனக்குத் தெரிஞ்சதுதான் பிழையா?


கல்லடிக்காரி:

தம்பி நீங்க எழுதினத எங்கட இவருக்கு வாசிச்சுக் காட்டின. அவர் ஒண்டும் பேசல்ல, எழும்பிப் போயிட்டார். எங்கட வீட்டுல சவுக்காரம் மட்டும் ஒரு அலுமாரித் தட்டு நிறைய இரிக்கி, சண்லைட்டும் லைஃப்போயும். விலை கூடப்போகுது எண்டு சொல்லிச் சொல்லி வாங்குவார். அவர் வாகரையில இருந்து 2006 கடைசியில இடம்பெயந்து வந்த ஆள், நான் அதுக்கு மேல கேக்கிறேல்ல.


வட்டவிதானை:

என்ன தம்பி இது, மிச்சம் புடிக்கிறது ஒரு வருத்தமா? இப்பத்தப் புள்ளையள் எல்லாத்துக்கும் ஒரு பேர் வச்சுக் கதைக்குதுகள். நான் திருக்கோவில் பக்கம், வேளாண்மைக் குடும்பம். 78 சூறாவளி அடிக்கக்குள்ள எனக்குப் பத்து வயசு, கார்த்திகை 23 ராத்திரி, விடிஞ்சு பாத்தா தென்னை ஒண்டு நிக்கல்ல. எங்களுக்கு மாசச் சம்பளம் இல்ல. பெரும்போகம் வெட்டினா ஒருக்கா, சிறுபோகம் வெட்டினா ஒருக்கா, வருஷத்துல ரெண்டு தரம்தான் கையில சல்லியக் காணுற. அதுலயும் உரக்கடைக்காரன், உழவு மிஷின்காரன், வெட்டு மிஷின்காரன் எல்லாரும் களத்துக்கே வந்துருவான். அவனுகளுக்குக் குடுத்து மிஞ்சினதுதான் எங்கட. அப்ப நாங்க செலவழிக்கப் பயப்பிட்டதாலதான் காணி இன்னும் கையில இரிக்கி. உங்கட தம்பிக்கு ரெண்டு சொல்லுச் சொல்லி வைங்க, அவ்வளவுதான்.


கணக்குவாத்தி:

ஐயா சொன்னதுலயே ஒரு விசயம் இரிக்கி. வருஷத்துல ஒருக்கா ரெண்டு தரம் சல்லி வாற ஆக்கள வச்சு ஒரு ஆய்வு செஞ்சிருக்காங்க, அதுவும் தமிழாக்கள வச்சு. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் எண்டு பொருளியல் ஆக்களும் இன்னும் ரெண்டு பேரும் சேந்து 2013ல சயன்ஸ் சஞ்சிகையில போட்டது. தமிழ்நாட்டுல கரும்புச் செய்கைக்காரர் 464 பேர், அறுவடைக்கு முந்தி ஒருக்கா, சல்லி கைக்கு வந்த பொறகு ஒருக்கா, வடிவங்களக் காட்டி விடுபட்ட துண்டு எதெண்டு கேக்கிற சோதனை. அதே மனிசன், அதே மூளை, அறுவடைக்கு முந்தி நல்லாக் குறைவாச் செஞ்சான், சல்லி வந்த பொறகு கூடச் செஞ்சான். அறுவடைக்கு முந்தி நகை அடகுல, கடன்காரன் வாசல்ல, மனசு முழுக்க அதுலதான், மத்ததுக்கு இடமில்ல எண்டுதான் அவங்கட விளக்கம். அம்பாறைல ஹிங்குராணப் பக்கம் கரும்பு போடுற ஆக்களக் கேட்டா ஆய்வு இல்லாமலே இதச் சொல்லுவாங்க.

ஆனா நான் வகுப்புல புள்ளையளுக்கு ஒரு பக்கத்த மட்டும் சொல்றேல்ல. 2016ல அமெரிக்காவுல வருமானம் குறைஞ்ச ஆக்கள சம்பளத்துக்கு முந்தியும் பிந்தியும் சோதிச்சுப் பாத்தாங்க, யோசிக்கிற திறமையில வித்தியாசம் காணல்ல. காசு விசயத்துல மட்டும் இப்ப தாறத இப்பவே தா எண்டு அவசரப்பட்டாங்க. அதால கஷ்டப்பட்டவனுக்குப் புத்தி மழுங்கும் எண்டு ஒருத்தரும் எடுக்கப்படா. கையில இல்லாத நேரத்துல எல்லாரும் அப்பிடித்தான்.

தம்பிட கேள்விக்கு இது மறுமொழி இல்ல எண்டும் தெரியும். அவர் கேக்கிறது கையில வந்த பொறகும் ஏன் எண்டு.


ஊர்க்குருவி:

ஆய்வு ஆய்வு எண்டு கதைச்சு நேரத்தப் போக்காதீங்க சேர். படுவான் தம்பி, ஒரே ஒரு கேள்வி. உங்களுக்குத் தங்கச்சி இரிக்கா?


படுவான்பொடியன்:

ஓம். ஒராள். 21.


ஊர்க்குருவி:

வீடு கட்டி முடிஞ்சிட்டா?


படுவான்பொடியன்:

லிண்டல் மட்டத்துல, கதவு யன்னலுக்கு மேல வரைக்கும் வந்து நிக்கிது.


ஊர்க்குருவி:

பாத்தீங்களா. இதுக்குப் போய் மூளை, சின்ன வயசு, வேம்பு எண்டு எழுதி அழ வைக்கிறீங்க. எங்கட பக்கம் பொம்புளப்புள்ளைக்கு வீடு வளவு குடுத்துத்தான் கலியாணம், மாப்பிள்ளதான் அந்த வீட்டுக்கு வருவார், மட்டக்களப்புல இருந்து பொத்துவில் வரைக்கும் தமிழாக்கள் முஸ்லிமாக்கள் எண்டு வித்தியாசமில்ல. அந்த வீட்ட அப்பன் கட்டல்லயெண்டா அண்ணன் கட்டோணும். கல்லுக்கும் சீமெந்துக்கும் நீங்க மாசா மாசம் சல்லி அனுப்பிட்டு சப்பாத்து வாங்க மனம் வருதில்ல எண்டு சொன்னா அது மனநோய் இல்ல, கணக்கு. உங்கட தம்பி இளையவன், அவண்ட தலையில அந்த வீடு இல்ல. அவன் சந்தோசமா பைக் ஓடுறான். விசயம் முடிஞ்சுது.


படுவான்பொடியன்:

அண்ணன் நீங்க சொல்றது பாதி சரி, வீடு ஒரு காரணம்தான். ஆனா வீட்டுக்கு அத்திவாரம் போட முந்தியே எனக்கு இது இரிந்தது. கம்பஸ்ல மகாபொல புலமைப்பரிசில் 5,000 வரும், அதுலயும் மிச்சம் புடிச்ச ஆள் நான். கன்டீன்ல ரோல்ஸ் வாங்கினா அண்டைக்கு முழுக்க அது மனசுல இரிக்கும். அப்ப தங்கச்சி ஒன்பதாம் ஆண்டு, வீட்டுக் கதையே இல்ல.


மருதமுனை ராத்தா:

சலாம், வணக்கம். நானும் ஒரு விசயம் சொல்றன். எங்கட வீட்டுல சல்லி கையில இரிந்தா அது எங்கட இல்ல. இத எப்பிடி விளங்கப்படுத்துற எண்டு தெரியல்ல. வாப்பா கைத்தறில நெசவு, ஒரு கிழமை கையில இரிக்கும் ரெண்டு கிழமை இரிக்காது. இரிக்கிற கிழமையில யாராவது வந்துருவாங்க, மாமிட மகனுக்கு ஆஸ்பத்திரி, சாச்சாக்கு மையத்துச் செலவு, பக்கத்து வீட்டுல அடுப்பு எரியல்ல. இல்லையெண்டு சொல்ல ஏலுமா? நாளைக்கு நாங்க போய் நிக்கோணும் அவங்கட வாசல்ல. 2004 டிசம்பர் 26க்குப் பொறகு அது இன்னும் கூடிட்டு, கடல் எங்கட ஊர்ல யாருக்கும் எதையும் விட்டு வைக்கல்ல, உம்மாட காதுல கிடந்தது மட்டும்தான் மிஞ்சினது. அதத்தான் அடகு வச்சு தறிய வாங்கின.

அதுல இருந்து நான் படிச்சது, சல்லிய சல்லியா வச்சிருக்கப்படா. நான் சம்பளம் எடுத்த அண்டைக்கே சீட்டுக்குக் கட்டிருவன். சீட்டு எடுத்தா பவுணா மாத்திருவன். எங்கட மச்சான்மார் என்னப் பாத்து பேங்க்ல போட்டா வட்டி வரும் ராத்தா, சீட்டுல என்ன வருது எண்டு கேப்பாங்க. வட்டி வராதுதான். ஆனா யாரும் வந்து கேட்டா "சீட்டுக்குக் கட்டோணும்" எண்டு சொல்லலாம். அத எங்கட ஊர்ல எல்லாரும் ஏத்துக்குவாங்க, கோவிக்கமாட்டாங்க. பேங்க்ல கிடக்கு எண்டு சொன்னா எடுத்துத் தா எண்டுவாங்க. இது உங்கட கொமர்ஸ் புத்தகத்துல இரிக்கா சேர்?


கணக்குவாத்தி:

இரிக்கி ராத்தா, ஆனா இவ்வளவு சுருக்கமா இல்ல.


டோஹா நானா:

அஸ்ஸலாமு அலைக்கும். நான் ஏறாவூர், இப்ப டோஹால. படுவான் தம்பிட தம்பி எண்டு ஒருத்தர் இரிக்காரே, அவர்தான் நான். எல்லாரும் அவருக்கு ஏசுறீங்க, அதால நானும் எழுதோணும்.

வாப்பா கூலி வேலை. பெருநாளைக்கு உடுப்பு எங்களுக்கு யாராவது குடுக்கிறதுதான், நல்ல மனிசர்தான் குடுப்பாங்க, ஆனா தெருவுல வரக்குள்ள அந்த வீட்டுப் புள்ள பாத்துட்டு "இது என்ட போன வருஷத்துச் சேட்" எண்டு சத்தமாச் சொல்லும். எனக்கு ஒன்பது வயசிரிக்கும். இப்ப நான் லீவுல ஊருக்கு வந்தா ஒழுங்கையில இரிக்கிற அத்தன புள்ளையளுக்கும் உடுப்பு, சொக்லேட், எல்லாம் கடையில புதுசா வாங்கினது, மட்டை கழட்டாமக் குடுப்பன். கூட்டாளி வந்து ரெண்டு லட்சம் கைமாத்துக் கேட்டா குடுத்துருவன். மனிசி சொல்றா நீங்க ராசா மாதிரி வந்து பக்கீர் மாதிரி திரும்பிப் போறீங்க எண்டு. உண்மைதான். இல்லையெண்டு சொல்ல வாய் வருதில்ல. இல்லையெண்டா திரும்பவும் அந்தச் சேட் போட்ட பொடியனாப் போயிருவன் எண்டு ஒரு பயம், விசர்தான், ஆனா இரிக்கி. பத்து வருஷம் பாலைவனத்துல நிண்டும் எனக்கு சேமிப்பு எண்டு சொல்ல ஒண்டுமில்ல. படுவான் தம்பி சேக்கிறதும் நான் இறைக்கிறதும் ஒரு இடத்துல இருந்துதான் வருது எண்டு நினைக்கிறன். ரெண்டு பேருக்கும் அந்தக் கடைக்காரண்ட விரல் கண்ணுக்குள்ள நிக்கிது.


வாகரைப்பூ:

நான் வந்தாறுமூலை கம்பஸ்ல ரெண்டாம் வருஷம். எல்லாரும் அண்ணன் அக்காமார், நான் சின்ன ஆள், எழுதலாமா தெரியா.

எங்கட அம்மா குழுக்கடன் எடுத்தவ. அஞ்சு பொம்புளையள் ஒரு குழு, ஒராள் கட்டாட்டி மத்தாக்கள் சேந்து கட்டோணும். முதல் எடுத்தது கோழி வளக்க. அதக் கட்ட ஏலாமப் போக வேற கம்பனில எடுத்து அதக் கட்டி, அதக் கட்ட இன்னொண்டு. செவ்வாய்க்கிழமை எண்டா தவணை வாங்க வாற கம்பனித் தம்பிட பைக் சத்தம் கேக்கும், அம்மா பின்வளவால பெரியம்மா வீட்டுக்குப் போயிருவா, நான் கடப்பில நிண்டு "அம்மா இல்ல, டவுனுக்குப் போயிட்டா" எண்டு சொல்லோணும். எனக்குப் பதினொரு வயசு. அந்தத் தம்பி போகமாட்டார், மாமரத்துக்குக் கீழ பைக்க விட்டுட்டு இரிந்துட்டே இரிப்பார், பொழுது படுமட்டும். குழுவுல இருந்த மத்தாக்களும் வந்து இரிப்பாங்க, அவங்கட முகத்தப் பாக்கிறதுதான் கம்பனிக்காரன விட கஷ்டம், எல்லாரும் அம்மாட கூட்டாளிமார்.

2018ல வரட்சி பாதிச்ச மாவட்டங்கள்ல பொம்புளையள் எடுத்த ஒரு லட்சத்துக்கு உள்பட்ட கடன தள்ளுபடி செய்ற எண்டு அரசாங்கம் அறிவிச்சது, வட்டி 35 வீதத்துக்கு மேல போகப்படா எண்டும் வந்தது. 35 வீதத்த உச்சவரம்பு எண்டு சொல்லி ஆறுதல் படுறம் எண்டா அதுக்கு முந்தி எப்பிடி இருந்திருக்கும் எண்டு யோசிங்க.

இப்ப எனக்கு தெரியாத நம்பர்ல கோல் வந்தா எடுக்கமாட்டன். கம்பஸ்ல எல்லாரும் லப்டொப் தவணைக்கு எடுத்திருக்காங்க, வட்டி இல்லாத தவணை, கடைக்காரரே காட்டினார், எனக்கு கையெழுத்துப் போட ஏலாமப் போச்சு, எழும்பி வந்துட்டன். லைப்ரரில இரிக்கிற கொம்பியூட்டர்லதான் அசைன்மெண்ட் செய்றன். அம்மா சொல்றா எடு மகள், நீ வேலைக்குப் போய்க் கட்டலாம் எண்டு. அம்மாக்குப் பயமில்ல, எனக்குத்தான்.


கல்லடிக்காரி:

பூ, எழுதினது நல்லம். எழுதலாமா எண்டு இனிக் கேக்காதீங்க.


கணக்குவாத்தி:

வாகரைத் தங்கச்சிட கதைக்குப் பொறகு எழுதக் கொஞ்சம் கூச்சமா இரிக்கி, எண்டாலும் தம்பி கேட்ட "ஒரே வீட்டுல ரெண்டு பேர்" எண்டதுக்கு ஒரு விசயம் ஞாபகம் வந்தது.

ஸ்டான்ஃபோர்ட்ல வோல்டர் மிஷெல் எண்டவர் சின்னப் புள்ளையளுக்கு ஒரு மார்ஷ்மலோ இனிப்பக் குடுத்து இப்ப திண்டா ஒண்டு, நான் திரும்பி வருமட்டும் காத்திருந்தா ரெண்டு எண்டு பாத்த சோதனை கனபேருக்குத் தெரியும். காத்திருந்த புள்ள பிற்காலத்துல முன்னேறும் எண்டு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சாங்க, எங்கட ஆசிரியர் செமினார்லயும் சொன்னாங்க. 2018ல கூடப் புள்ளையள வச்சு திரும்பப் பாக்கக்குள்ள குடும்ப வசதிய எல்லாம் கணக்குல எடுத்தா அந்தத் தொடர்பு நல்லாச் சுருங்கிட்டு.

ஆனா எனக்குப் பிடிச்சது 2013ல ரொசெஸ்டர்ல செஞ்சது. இனிப்பு வைக்க முந்தியே அந்தப் புள்ளையளுக்கு ஒரு பெரியாள் வந்து நல்ல கலர்ப் பென்சில் கொண்டு வாறன், கொஞ்சம் இரு எண்டு சொல்றார். பாதிப் புள்ளையளுக்குக் கொண்டு வந்து குடுக்கிறார். மத்தப் பாதிக்கு வெறுங்கையோட வந்து இல்லையாம் எண்டுறார். அதுக்குப் பொறகு இனிப்புச் சோதனை. கொண்டு வந்து குடுத்த பக்கத்துப் புள்ளையள் சராசரியா 12 நிமிசம் காத்திருந்துதுகள். ஏமாந்த பக்கம் 3 நிமிசம். புள்ளையள் 28 பேர்தான், சின்ன ஆய்வு, அதுக்கு மேல இழுக்கப்படா. ஆனா அந்த மூண்டு நிமிசத்துப் புள்ளைக்குப் பொறுமை இல்லையெண்டு யாரும் சொல்ல ஏலுமா? அது தனக்குத் தெரிஞ்ச பெரியாள வச்சுக் கணக்குப் பாத்திரிக்கி.

தம்பி, உங்கட தம்பிட்ட ஒருக்கா கேளுங்க, ஏசாமக் கேளுங்க. சின்ன வயசில அவர் எதையாவது சேத்து வச்சு அதுக்கு என்ன நடந்த எண்டு.


ஊர்க்குருவி:

இப்ப தாய் தகப்பன்ட தலையில போடப் போறீங்க.


கணக்குவாத்தி:

இல்ல, கேக்கச் சொன்ன மட்டும்தான்.


படுவான்பொடியன்:

கேட்டன். ஞாயித்துக்கிழமை கோல் எடுத்து ஒரு மணித்தியாலம் கதைச்சம், நாங்க இவ்வளவு நேரம் கதைக்கிறது குறைவு.

முதல்ல சிரிச்சான். பொறகு, உனக்கு ஞாபகமில்லையா அண்ணன் எண்டு கேட்டான். 2011 தை வெள்ளம் வரக்குள்ள அவனுக்கு ஒன்பதோ பத்தோ. பால்மா டின்ல ஓட்டை போட்டு சைக்கிளுக்கெண்டு சேத்துட்டு இரிந்தவன், கோயில் திருவிழாவுல மாமாமார் குடுக்கிறது, கச்சான் வித்துக் குடுத்தா கிடைக்கிறது எல்லாம். வெள்ளத்துல வேளாண்மை முழுக்க அழுகிட்டு, நாங்க பள்ளிக்கூடத்துல இருந்துட்டு வீட்டுக்கு வந்து பாத்தா மண்சுவர் ஒரு பக்கம் இடிஞ்சு விழுந்துட்டு. டின் தப்பிட்டு, கூரைக் கம்பில கட்டி வச்சிருந்திரிக்கான். அம்மா அத வெட்டி அரிசியும் மருந்தும் வாங்கினா. "வெட்டு முடிய தாறன் மகன்" எண்டா. வெட்ட வேளாண்மை எங்க? அம்மாவில பிழையே இல்ல, எனக்கும் அந்த அரிசிதான் சோறு. தம்பியும் அம்மாக்கு ஏசல்ல. அதுக்குப் பொறகு கையில வாறத அண்டண்டைக்கே திண்டு முடிச்சிருவன், வயித்துக்குள்ள போனத ஒருத்தரும் கேக்கமாட்டாங்க எண்டு சொன்னான். எனக்கு அந்த டின் ஞாபகத்துலயே இல்ல. எனக்கு ஞாபகம் இரிக்கிறதெல்லாம் கொப்பி. கடைக்கு அவன ஒரு நாளும் அனுப்பினதில்ல, சின்னவன் எண்டு.

ஆனா அதோட நிப்பாட்டல்ல அவன். என்னத் திருப்பிக் கேட்டான், நீ சேத்து என்னத்தக் கண்ட அண்ணன்? 2022ல டொலர் 200ல இருந்து 360க்குப் போகக்குள்ள உன்ட பேங்க் சல்லி அதே நம்பர்ல இரிந்தது, சாமான் விலை எங்கயோ போயிட்டு. நான் 2021ல லீசிங்ல எடுத்த பழைய பைக், வாகன இறக்குமதிய நிப்பாட்டி வச்சிருந்ததால எடுத்த விலைக்கு மேல கேட்டுட்டு வந்தாங்க. அப்ப யாருக்குச் சல்லிட அருமை தெரியும் எண்டான். எனக்கு மறுமொழி வரல்ல.


வட்டவிதானை:

லீசிங்குக்குக் கட்டின வட்டியையும் சேத்துக் கணக்குப் பாக்கச் சொல்லுங்க. பைக் விலை ஏறினது அவண்ட கெட்டித்தனமா? இறக்குமதிய 2025ல திறந்து விட்டுட்டாங்க, இனி அந்த விலை நிக்குமா?

எண்டாலும் டின் கதை மனசுக்குக் கஷ்டமாப் போச்சு. எங்கட அப்பா என்ட ஆட்டுக்குட்டிய வித்தவர். சரி அத விடுங்க.


மருதமுனை ராத்தா:

ஐயா அத விடப்படா, எழுதுங்க 😄

படுவான் தம்பிட தம்பி சொன்னதுல ஞாயம் இரிக்கி. 2022 செப்டெம்பர்ல விலைவாசி ஏத்தம் 70 வீதம் கிட்டப் போன. பேங்க்ல சும்மா கிடந்த சல்லி கரைஞ்ச. நான் 2022 ஆரம்பத்துல சீட்டு எடுத்து வாங்கின பவுண் ஒரு லட்சத்துச் சொச்சம், 2025ல ரெண்டு லட்சத்தத் தாண்டிட்டு. உம்மாட காதுல இருந்து படிச்ச பாடம் எனக்கு வேலை செஞ்ச. ஆனா அடகுக்குப் போனா வட்டில போயிரும், அதையும் சொல்லோணும். எங்கட ஒழுங்கையில முக்கால்வாசிப் பொம்புளையள்ற நகை அவங்கட கழுத்துல இல்ல, பேங்க் பெட்டகத்துலதான்.


கணக்குவாத்தி:

படுவான் தம்பி, நீங்க சேத்தத எந்தக் கணக்குல வச்சிருக்கீங்க? சாதாரண சேமிப்புக் கணக்குலதானே? கஷ்டத்துல வளந்தாக்கள் நிலையான வைப்புல போடப் பயப்பிடுவாங்க, என்ட பழைய மாணவர் கனபேர் அப்பிடி, அவசரத்துக்கு எடுக்க ஏலாமப் போனா என்ன செய்ற எண்டு. 2022 கடைசியில நிலையான வைப்புக்கு 20 வீதத்துக்கு மேலயும் குடுத்தாங்க. அதுலயும் அவசரம் எண்டா உடைக்கலாம், வட்டிதான் குறையும், இல்லாட்டி அத ஈடு காட்டிக் கடன் எடுக்கலாம். பேங்க் முறிஞ்சா எண்டு பயம் இரிந்தா ஒரு ஆளுக்கு ஒரு பேங்க்ல 11 லட்சம் வரைக்கும் மத்திய வங்கிட வைப்புக் காப்புறுதி இரிக்கி. மூண்டு மாசச் செலவ மட்டும் சேமிப்புல விட்டுட்டு மத்தத அங்கால தள்ளுங்க, ராவைக்கு ராவைக்குத் திறந்து பாக்க நம்பரும் குறையும்.


கல்லடிக்காரி:

எனக்கு ஒரு கேள்வி, கொஞ்சம் வேற பக்கம். எங்கட மகனுக்கு ஏழு வயசு. அவருக்கு வீட்டுச் சல்லிக் கதை சொல்றதா வேணாமா? எங்கட இவர் சொல்றார் ஒண்டும் தெரியப்படா, தான் பட்டது போதும் எண்டு. கேட்டது எல்லாம் வாங்கிக் குடுக்கிறார், தனக்கு ஒரு பெனியன் வாங்கமாட்டார்.


ஊர்க்குருவி:

சொல்லுங்க அக்கா. சொல்லாட்டியும் புள்ளைக்குத் தெரியும். 2023ல அஸ்வெசும எண்ட அரசாங்க உதவிப்பணப் பட்டியல ஒபிஸ் சுவர்ல ஒட்டினாங்க, ஆட்சேபனை இரிந்தா சொல்லுங்க எண்டு, யாருக்கு 15,000 யாருக்கு 2,500 எண்டு ஊரே நிண்டு வாசிச்சுது. அதுல தகப்பன்ட பேரத் தேடிட்டு நிண்டதுல பாதி பள்ளிக்கூடப் புள்ளையள். யூனிபோம் துணி 93ல இருந்து அரசாங்கம் குடுக்குது, அதுல வித்தியாசம் தெரியாது, சப்பாத்துலதான் தெரியும், வகுப்புல இரிக்கிற எல்லாப் புள்ளைக்கும் எல்லாப் புள்ளைட சப்பாத்தும் தெரியும்.

நான் முதல்ல இது வீட்டுக் கணக்கு மட்டும்தான் எண்டு எழுதினன். இன்னும் முக்காவாசி அதுதான் எண்டு சொல்லுவன். மிச்சக் காவாசிக்கு அந்த டின்ன வச்சுக்கோங்க.


வாகரைப்பூ:

அக்கா, சொல்லுங்க, ஆனா பொய் சொல்ல மட்டும் அவர அனுப்பாதீங்க.


கல்லடிக்காரி:

சரிடி புள்ள.


டோஹா நானா:

மருதமுனை ராத்தா, உங்கட சீட்டு எத்தின பேர்? எவ்வளவு?


மருதமுனை ராத்தா:

12 பேர், மாசம் 10,000. ஏலம் கூறுறேல்ல, சீட்டுக் குலுக்கி எடுக்கிற, முதல் மாசம் மட்டும் புடிக்கிற ஆளுக்கு. ஏன் நானா?


வட்டவிதானை:

புடிக்கிற ஆள் ஓடினா என்ன செய்வீங்க? எங்கட பக்கம் ரெண்டு பேர் ஓடியிருக்காங்க.


மருதமுனை ராத்தா:

12 பேரும் ஒரே ஒழுங்கை ஐயா, ஓடினாலும் அவட உம்மாட வீடு இஞ்சதான் இரிக்கி. தெரியாத ஆக்கள்ற பெரிய சீட்டுக்குப் போனாத்தான் அந்த வில்லங்கம். வாற மாசம் புதுசாத் தொடங்குறம், ஒரு இடம் காலியா இரிக்கி.


டோஹா நானா:

அப்ப அந்த இடத்த எங்கட மனிசிக்கு வைங்க ராத்தா, அவட உம்மா வீடு மருதமுனைதான், உங்களுக்குத் தெரிஞ்ச ஆக்களா இரிக்கும். சல்லிய நேரா அவவுக்கு அனுப்புறன். என்ட பேர்ல வேணாம், சீட்டு விழுந்தா எனக்குச் சொல்லவும் வேணாம்.